ஊருக்கு வந்தவர்களும் ஊரில் இல்லாதவர்களும்

தஞ்சாவூர் வரலாறு எழுதுகிறவர்கள் பெரிய கோயிலில் தொடங்கி சங்கீதத்தில் முடிப்பார்கள். நடுவில் காவிரி ஓடும், நெல் விளையும். அந்த நெல்லை விளைத்தவர்கள் யார் என்பது ஓர் அடிக்குறிப்பில் வரும், அல்லது வராது. இந்தக் கட்டுரையில் நான் அந்த வழியில் போகப்போவதில்லை. எனக்கு இருப்பது ஒரே ஒரு கேள்விதான். ஒரு ஊருக்கு வெளியிலிருந்து ஒருவர் வருகிறார். அவர் அந்த ஊர்க்காரர் ஆவது எப்படி? எத்தனை வருஷத்தில்? எதை வைத்து? நன்னிலத்தை நடுவில் வைத்து இந்தக் கேள்வியைக் கேட்டுப்பார்த்தால் தஞ்சை வரலாறு வேறு மாதிரி தெரிகிறது.

நான் வட ஆர்க்காட்டுக்காரன். எங்கள் பக்கம் ஏரி நிரம்பினால் நெல், இல்லாவிட்டால் கேழ்வரகும் வேர்க்கடலையும். 1980-களின் நடுவில் பள்ளிக்கூட வேலை கிடைத்து நன்னிலம் பக்கம் வந்து சேர்ந்தேன். மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர் போகிற ரயிலில் பேரளம், பூந்தோட்டம் தாண்டினால் நன்னிலம். ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை. அப்போது இது பழைய தஞ்சாவூர் மாவட்டம். 1991-ல் நாகப்பட்டினம் மாவட்டத்துக்குப் போனது. 1997-லிருந்து திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது. நன்னிலம் மூன்று மாவட்டம் பார்த்துவிட்டது. சேரி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

வந்த புதிதில் எல்லாரும் ஒரே மாதிரி விசாரித்தார்கள். "சாருக்கு சொந்த ஊரு எது?" ஊர்ப் பெயரைச் சொல்வேன். "அங்க எந்தத் தெரு?" தெருப் பெயரைச் சொன்னதும் பேச்சு மழை, வெயில் என்று திரும்பிவிடும். வீடு காலியாக இருக்கிறது என்று முதல்நாள் சொன்னவர் மறுநாள் "மச்சான் குடும்பம் வர்றாங்க சார்" என்பார். நாலு வீடு பார்த்தேன். நாலு வீட்டுக்கும் மச்சான் வந்தார். கடைசியில் காலனியில் இருந்த ஒரு சங்கத்துப் பெரியவர்தான் கூப்பிட்டார். "இப்புடியே தேடிக்கிட்டு இருந்தா பள்ளிக்கூடத்துக்கு லீவு வுட்டுருவாங்க சாரு. எங்க வூட்டுக்குப் பக்கத்துல ஒரு கூரை சும்மா கெடக்கு. வந்து இருங்க." அங்கேதான் பல வருஷம் இருந்தேன்.

காலனியிலும் நான் புது ஆள்தான். நான் "இன்னா" என்று பேசுவதைக் கேட்டு சின்னப் பிள்ளைகள் சிரிப்பார்கள். நாற்றங்காலுக்கும் நட்ட வயலுக்கும் வித்தியாசம் தெரியாதவர் வாத்தியாரா என்று பெண்கள் கேலி செய்வார்கள். ஆனால் அந்தக் கேலி ஆளை வெளியே தள்ளுகிற கேலி இல்லை. ஆறு மாசத்தில் ஒரு வீட்டுக்கு அண்ணன், இன்னொரு வீட்டுக்குத் தம்பி ஆகிவிட்டேன்.

பெரியவர் ஒருநாள் சொன்னது இது: "ஒங்களுக்கு வூடு குடுக்கலன்னு வருத்தப்படுறீங்க. நாங்க இங்கயே பொறந்து இங்கயே சாவுறோம். ஊர்த் திருவிழாவுக்கு எங்க தெருவுல வரி வாங்க மாட்டாங்க. வரி வாங்குனா உரிமை குடுக்கணும்ல?" நேற்று வந்த நான் வெளியூர்க்காரன். சரி. எந்தக் காலத்தில் வந்தோம் என்று சொல்ல முடியாத அளவுக்கு இங்கேயே இருக்கிறவர்கள் எந்த ஊர்க்காரர்கள்? இந்தக் கட்டுரை எழுந்தது அந்தக் கேள்வியிலிருந்துதான்.

2

நன்னிலம் என்றால் நல்ல நிலம். சுந்தரர் பாடிய தலம். கோச்செங்கட் சோழன் கட்டியதாகச் சொல்லப்படும் மாடக்கோயில்களில் ஒன்று இங்கே இருக்கிறது. சுற்றிலும் பாருங்கள், மங்கலம் என்று முடிகிற ஊர்ப் பெயர்கள் வரும். சோழர் காலத்தில் பார்ப்பனர்களுக்குத் தானமாக விடப்பட்ட ஊர்களுக்கு இட்ட பெயர் அது. சதுர்வேதிமங்கலம் என்று நீட்டியும் சொல்வார்கள். தானம் வாங்கியவர்களில் பலர் வேறு பகுதிகளிலிருந்து அழைத்துவந்து குடியேற்றப்பட்டவர்கள். அதாவது புதிதாக வந்தவர்கள். அவர்கள் கையில் அரசன் கொடுத்த செப்பேடு இருந்தது. வந்த அன்றே அவர்கள் ஊர்க்காரர்கள். அதுவும் வெறும் ஊர்க்காரர்கள் இல்லை, ஊரை ஆளுகிற சபையே அவர்கள்தான்.

11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜராஜன் பெரிய கோயிலுக்கு ஊர்களை எழுதிவைத்தபோது கல்வெட்டில் ஒரு கணக்கு வெட்டினார்கள். வரி விதிக்க வேண்டாத இடங்கள் எவை என்ற கணக்கு. ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு என்று போகும் அந்தக் கணக்கில் பறைச்சேரி தனியாக வருகிறது. தீண்டாச்சேரி என்ற பெயரும் வருகிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஊர் நத்தம் வேறு, சேரி வேறு என்று கல்லில் பதிந்துவிட்டார்கள். கோயில் கல்வெட்டு என்றால் கலையும் பக்தியும் மட்டும் பார்க்கிறவர்கள் இந்த வரிகளையும் நின்று படிக்க வேண்டும். ஊர் என்ற சொல்லுக்குள் நாம் இல்லை என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி வேண்டியதில்லை.

அதற்குப் பிறகும் வந்துகொண்டேதான் இருந்தார்கள். 16-ஆம் நூற்றாண்டில் நாயக்கர்கள் வந்தார்கள், அவர்களோடு தெலுங்கு பேசுகிறவர்கள் வந்தார்கள். 17-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் மராட்டியர்கள் வந்தார்கள், அவர்களோடு மராட்டிப் பார்ப்பனர்கள் வந்தார்கள். மடங்கள் வந்து நிலம் பிடித்தன. 1799-ல் கம்பெனிக்காரன் நிர்வாகத்தைக் கையில் எடுத்தான். 1855-ல் மிச்சம் இருந்த பெயரளவு ராஜ்யமும் முடிந்தது. வந்த ஒவ்வொருவரும் ஏதோ ஒரு பாத்திரத்தோடு, ஏதோ ஒரு மானியத்தோடு வந்தார்கள். மூன்று தலைமுறையில் அவர்கள் பூர்வீக மிராசுதார்கள்.

மிராசு என்ற சொல்லையே பாருங்கள். அது அரபு மொழியிலிருந்து பாரசீகம் வழியாக வந்த சொல். வாரிசுச் சொத்து என்று அர்த்தம். அதற்குத் தமிழில் காணியாட்சி என்ற சொல் இருந்தது. "நாங்க தலைமுறை தலைமுறையா இந்த மண்ணுக்குச் சொந்தக்காரங்க" என்று பேசியவர்கள், அந்தச் சொந்தத்தைச் சொல்ல வெளியிலிருந்து வந்த ஒரு சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார்கள். சொல்லுக்குக்கூட ஊரில் இடம் கிடைத்திருக்கிறது.

கம்பெனி காலத்து வருவாய்ப் பதிவுகளில் குடியானவர்களை இரண்டாகப் பிரித்திருப்பார்கள். ஊரிலேயே நிலையாக இருந்து வாரத்துக்குப் பயிர் செய்கிறவர் உள்குடி. வெளியூரிலிருந்து வந்து பயிர் செய்துவிட்டுப் போகிறவர் புறக்குடி. உள்குடியை அவ்வளவு சீக்கிரம் வெளியேற்ற முடியாது. புறக்குடியை அறுப்பு முடிந்ததும் போகச் சொல்லலாம். இந்த இரண்டு பேருக்கும் கீழே, இரண்டு பட்டியலிலும் சேராமல், பள்ளரும் பறையரும் இருந்தார்கள். அவர்கள் உள்குடியும் இல்லை, புறக்குடியும் இல்லை. நிலத்தோடு கைமாறுகிற பொருள்.

1819-ல் சென்னை வருவாய் வாரியம் அடிமை முறை பற்றிக் கலெக்டர்களிடம் அறிக்கை வாங்கியது. தஞ்சையில் நிலத்தோடு சேர்த்து ஆட்களும் விற்கப்படுவதும் அடகு வைக்கப்படுவதும் அந்தக் காலப் பதிவுகளில் இருக்கின்றன. 1843-ல் அடிமை முறையைச் சட்டம் அங்கீகரிக்காது என்று ஆனது. அடிமை என்ற சொல் போய் பண்ணையாள் என்ற சொல் வந்தது. கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்கு அப்பன் பண்ணையில் இருப்பான், அப்பனுக்குப் பிறகு மகன் இருப்பான். குடிசை நிற்கிற மனை மிராசுதாருடையது. கோபம் வந்தால் கூரையைப் பிரித்துப்போடலாம்.

இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு மண்ணில் எத்தனை காலம் இருந்தார்கள் என்பதை வைத்து இங்கே யாரும் ஊர்க்காரர் ஆகவில்லை. மனை யார் பேரில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் ஆனார்கள். 1920-க்குப் பிறகு வெள்ளைக்கார அரசின் தொழிலாளர் துறை தஞ்சைப் பகுதியில் ஆதிதிராவிடர்களுக்கு மனைக்கட்டு வாங்கித்தரும் வேலையைத் தொடங்கியபோது மிராசுதார்கள் அப்படி எதிர்த்தார்களே, ஏன்? ஒரு சதுர மனைக்காகவா? சொந்த மனையில் படுத்து எழுகிறவன் காலையில் கூப்பிட்ட உடனே வரமாட்டான். அந்தப் பயம்தான்.

3

இருந்தும் இல்லாதவர்களாக இருந்தவர்களுக்கு ஒரு வாசல் திறந்தது. நாகப்பட்டினம் துறைமுகம். 19-ஆம் நூற்றாண்டிலிருந்து இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் தமிழ்க் கூலிகள் போனார்கள். நாகப்பட்டினம் மலாயாவுக்குப் போகிற முக்கியமான வாசல். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன ரஜுலா கப்பலை இந்தப் பக்கத்துக் கிழவர்கள் சொந்தக்காரரைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார்கள். அந்தக் கப்பல் 1973 வரை ஓடியது.

ரப்பர் தோட்டத்தில் சொர்க்கம் இருந்தது என்று நான் சொல்லவரவில்லை. அங்கே கங்காணி, துரை, மலேரியா எல்லாம் இருந்தன. ஆனால் அங்கே போனவனுக்குக் கூலி காசாகக் கிடைத்தது. திரும்பி வரும்போது சட்டை போட்டுக்கொண்டு, செருப்பு போட்டுக்கொண்டு வந்தான். ஊருக்குள் நுழைந்ததும் சட்டையைக் கழற்று என்றார்கள். சொந்த ஊருக்கே அவன் புதிதாக வந்தவன் ஆனான். சட்டை போட்ட பண்ணையாளை எந்தப் பட்டியலில் வைப்பது என்று ஆண்டைகளுக்குத் தெரியவில்லை. பின்னால் வந்த சங்கங்களுக்கு இந்தச் சட்டையும் ஒரு விதை. இதை யாராவது உட்கார்ந்து முழுசாக எழுத வேண்டும்.

4

அடுத்து நோட்டுப் புத்தகத்தோடு வந்தவர்கள். 1951-53-ல் காத்லீன் கஃப் என்ற ஆங்கிலேயப் பெண் தஞ்சை மாவட்டத்துக்கு மானிடவியல் ஆய்வுக்கு வந்தார். தஞ்சைக்கு அருகே ஒரு ஊரிலும், நாகப்பட்டினம் பக்கம் ஒரு ஊரிலும் தங்கினார். கும்பப்பேட்டை, கிரிப்பூர் என்று புனைபெயர் வைத்து எழுதினார். பத்து வருஷம் கழித்து 1961-62-ல் ஆந்த்ரே பெத்தேய் வந்தார். திருவையாறு பக்கத்து ஊர் ஒன்றை ஸ்ரீபுரம் என்ற பெயரில் எழுதினார். 1965-ல் வெளியான அந்த நூல் இன்றைக்கும் பல்கலைக்கழகங்களில் பாடம்.

பெத்தேய் தங்கியது அக்கிரகாரத்தில். அதனால் தன்னைப் பார்ப்பனர்களோடு சேர்த்தே மற்றவர்கள் பார்த்தார்கள், சேரிக்குள் இயல்பாகப் போய்ப் பழக முடியவில்லை என்று அவரே நேர்மையாக எழுதியிருக்கிறார். அந்த நேர்மைக்கு மரியாதை செய்யலாம். ஆனால் இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. வெளியூர்க்காரன் முதல் ராத்திரி எந்தத் தெருவில் படுக்கிறானோ அந்தத் தெருவின் கண்ணால்தான் ஊரைப் பார்க்கிறான். இந்தியக் கிராமம் என்று உலகம் படித்த பல பக்கங்கள் அக்கிரகாரத்துத் திண்ணையிலிருந்து பார்த்து எழுதியவை. கஃப் விஷயம் கொஞ்சம் வேறு. உழைப்புச் சுரண்டலை அவர் நேராகப் பார்த்து எழுதினார். 1976-ல் திரும்பவும் அதே ஊர்களுக்கு வந்து என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று பார்த்தார். 1981-ல் வந்த அவர் புத்தகத்தில் பண்ணையாள் வாழ்க்கை பற்றி இருப்பது போன்ற விவரம் அதே காலத்துத் தமிழ்ப் பேராசிரியர்கள் எழுதிய தஞ்சை வரலாறுகளில் கிடைப்பது அரிது.

இன்னொரு விஷயமும் பழைய பதிவுகளில் இருக்கிறது. பறைச்சேரிக்குள் பார்ப்பான் வந்தால் சேரிக்குக் கேடு என்று நம்பி, வந்தவரைச் சாணித்தண்ணீர் ஊற்றி விரட்டுகிற வழக்கம். ஆராய்ச்சியாளர்கள் இதை வினோதமான நம்பிக்கை என்று எழுதிவிட்டுப் போனார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஊர் என்பது உன் எல்லை என்றால் சேரி என்பது என் எல்லை என்று சொல்ல அந்தக் காலத்தில் நம் ஆட்களுக்குக் கிடைத்த ஒரே மொழி அது. யாரை உள்ளே விடுவது என்று தீர்மானிக்கிற உரிமை கொஞ்சமாவது நம்மிடமும் இருந்திருக்கிறது.

5

அப்படிப்பட்ட சேரிக்குள் 1943-ல் ஒரு பார்ப்பனர் வந்தார். பி. சீனிவாசராவ். 1907-ல் தென் கன்னடப் பகுதியில் பிறந்தவர். தாய்மொழி கன்னடம். படிப்பை விட்டுவிட்டு விடுதலைப் போராட்டத்துக்கு வந்து, சிறைக்குப் போய், கம்யூனிஸ்ட் ஆனவர். விவசாயிகளைத் திரட்டக் கட்சி அவரைக் கீழத்தஞ்சைக்கு அனுப்பியது. மொழி வேறு, சாதி வேறு, சாப்பாடு வேறு. ஒரு புது ஆள் இந்த மண்ணில் கலப்பதற்கு இதைவிடப் பெரிய தூரம் இருக்க முடியாது.

அவர் செய்தது சின்னக் காரியம்தான். சேரியில் போய் உட்கார்ந்தார். அங்கேயே கஞ்சி குடித்தார், அங்கேயே படுத்தார். வயல் வரப்பில் நடந்தே ஊர் ஊராகப் போனார். மன்னார்குடி பக்கம் தென்பரை ஒரு மடத்துக்குச் சொந்தமான கிராமம். விவசாயிகள் சங்கம் முதலில் வேர் பிடித்த இடங்களில் அது ஒன்று. அந்தக் காலத்தில் பண்ணையாள் வேலைக்கு நேரமானால் சவுக்கடி. மாட்டுச்சாணியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைக்கிற தண்டனை, அதற்குச் சாணிப்பால் என்று பெயர். அடித்தால் திருப்பி அடி என்று அவர் சொன்னதாகத்தான் இந்தப் பக்கத்து மக்கள் அவரை ஞாபகம் வைத்திருக்கிறார்கள். 1944-ல் மன்னார்குடியில் மிராசுதார்களும் சங்கமும் அதிகாரிகளும் உட்கார்ந்து போட்ட ஒப்பந்தத்தில் சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாது என்று எழுத வேண்டியதாயிற்று. எழுதி நிறுத்த வேண்டிய அளவுக்கு அது வழக்கமாக இருந்திருக்கிறது என்பதையும் கவனியுங்கள்.

ஆனால் இந்த வரலாற்றைச் சொல்லும்போது ஒரு தவறு நடக்கிறது. வெளியிலிருந்து ஒரு தலைவர் வந்தார், ஊமையாக இருந்த மக்கள் பேசினார்கள் என்று எழுதிவிடுகிறார்கள். சேரி வாசல் திறக்காமல் அவர் உள்ளே வந்திருக்க முடியாது. பார்ப்பானைச் சாணித்தண்ணீர் ஊற்றி விரட்டிய சேரி, இந்த ஆளை உள்ளே விட்டு, சோறு போட்டு, போலீஸ் தேடியபோது மறைத்தும் வைத்தது. அது சேரி எடுத்த அரசியல் முடிவு. களப்பால் குப்பு போன்றவர்கள் நம் தெருவிலிருந்தே எழுந்தவர்கள். குப்பு 1948-ல் திருச்சி சிறையில் செத்துப்போனார். 1950-ல் வாட்டாக்குடி இரணியனையும் ஜாம்பவானோடை சிவராமனையும் போலீஸ் சுட்டுக் கொன்றது. ஒரு சீனிவாசராவ் பெயரைச் சொல்லும்போது அவருக்குக் கூழ் ஊற்றி, வாசலில் காவல் இருந்த பெயர் தெரியாத ஆத்தாக்களையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இந்தப் போராட்டங்களின் அழுத்தத்தில்தான் 1952-ல் ராஜாஜி அரசு தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. பண்ணையாளை நினைத்தபோது துரத்தக் கூடாது, இவ்வளவு கூலி தர வேண்டும் என்றது. மிராசுதார்கள் என்ன செய்தார்கள்? பண்ணையாள் என்ற பெயரையே எடுத்துவிட்டுத் தினக்கூலி ஆக்கினார்கள். சட்டத்தில் இருந்த பாதுகாப்பு சட்டத்திலேயே இருந்துவிட்டது. ஆனால் ஒன்று நடந்தது. தலைமுறை அடிமை என்ற கயிறு அறுந்தது. வேறு இடத்துக்குப் போகலாம், வேறு ஆளிடம் வேலை செய்யலாம் என்று ஆனது.

1961-ல் நில உச்சவரம்பு மசோதாவின் ஓட்டைகளை எதிர்த்துப் போராட்டம் நடந்த காலத்தில், செப்டம்பர் 30 அன்று சீனிவாசராவ் இறந்தார். குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று அந்தச் சட்டம் வந்தது. 1970-ல் அது 15 ஆகக் குறைந்தது. உபரி நிலம் பினாமிப் பெயர்களிலும் அறக்கட்டளைப் பெயர்களிலும் ஒளிந்துகொண்டது எல்லோருக்கும் தெரிந்த கதை. செங்கொடி நமக்கு நிமிர்ந்து நிற்கக் கற்றுக்கொடுத்தது, அதை மறுக்கிறவன் நன்றி கெட்டவன். ஆனால் கூலி பற்றிப் பேசிய அளவுக்கு அது சாதி பற்றிப் பேசவில்லை, கோயில் வாசல் பற்றிப் பேசவில்லை, சுடுகாட்டுப் பாதை பற்றிப் பேசவில்லை. பண்ணையாள் என்ற வர்க்கப் பெயருக்குள் பள்ளர், பறையர் என்ற உண்மை மறைக்கப்பட்டது. இந்த விமர்சனத்தை நாம் வெளியிலிருந்து வீசுகிற கல்லாகச் சொல்லவில்லை. அந்தக் கொடிக்கு உயிர் கொடுத்தது நம் தெரு என்ற உரிமையில் சொல்கிறோம்.

6

இனி வெண்மணி. 1968 டிசம்பர் 25 ராத்திரி. 44 பேர். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், கிழவர்கள். ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். கூடுதலாக அரைப்படி நெல் கேட்டதற்காக என்று சொல்லிச் சொல்லி அந்த வாக்கியம் தேய்ந்துபோய்விட்டது. அந்தப் பிரச்சினைக்குள் நம் கட்டுரைக்கு வேண்டிய ஒரு முடிச்சு இருக்கிறது. மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று ஒன்று வைத்திருந்தார்கள். செங்கொடிச் சங்கத்தில் இருக்கிறவனுக்கு வேலை இல்லை என்றார்கள். வெளியூரிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து அறுப்பை முடிக்கப் பார்த்தார்கள். உள்ளூர் ஆளா, வெளியூர் ஆளா என்பதுதான் அப்போது கீழத்தஞ்சை முழுவதும் தகராறு.

யோசித்துப் பாருங்கள். ஆயிரம் வருஷமாக உன்னை ஊர்க்காரன் இல்லை என்று சொன்னவன், நீ கூலி கேட்டதும் இன்னொரு வெளியூர்க்காரனைக் கொண்டுவந்து உன் முன்னால் நிறுத்துகிறான். அந்த வெளியூர்க்காரனும் அநேகமாக ஏதோ ஒரு சேரியிலிருந்து, பசியோடு வந்தவன்தான். இரண்டு ஏழைகளைக் களத்தில் மோதவிட்டு மூன்றாமவன் நெல்லைப் பத்தாயத்தில் கொட்டுகிறான். வெண்மணித் தீக்கு முன்னால் இந்த வேலை நடந்திருக்கிறது.

வழக்கு என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். 1970-ல் நாகப்பட்டினம் நீதிமன்றம் தண்டித்தது. 1973-ல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. பெரிய நிலக்காரர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற மாதிரியான வாதம் அந்தத் தீர்ப்பில் இருந்தது. ஊர்க்காரன் என்றால் அவன் வார்த்தைக்கு எவ்வளவு எடை பாருங்கள்.

வெண்மணிக்குப் பிறகு வந்தவர்கள் சர்வோதயக்காரர்களான ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் தம்பதி. கிருஷ்ணம்மாள் நம் சாதியில் பிறந்த பெண், திண்டுக்கல் பக்கத்துக்காரர். எரிந்த சாம்பல் ஆறுவதற்குள் வந்தவர்கள் அப்படியே நாகப்பட்டினம் பக்கம் தங்கிவிட்டார்கள். 1981-ல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, நிலக்காரர்களிடம் பேசி, வங்கிக் கடனில் நிலம் வாங்கி, தலித் பெண்கள் பெயரில் எழுதிவைத்தார்கள். அபகரிக்கப்பட்ட நிலத்துக்கு ஏன் விலை கொடுக்க வேண்டும் என்று கேட்கிற தோழர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் பெண் பெயரில் பட்டா என்பது சின்ன விஷயம் இல்லை. நம் ஆண்களே அதற்கு முன்னால் அப்படி யோசித்ததில்லை. 1990-களில் கடலோரத்து விளைநிலங்களில் இறால் பண்ணை வந்து உப்புத் தண்ணீர் பாய்ந்தபோது இதே ஜெகந்நாதன் பெயரில்தான் வழக்குப் போனது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

வெண்மணியை எழுதியவர்களிலும் இந்த உள்ளூர், வெளியூர் கணக்கு உண்டு. இந்திரா பார்த்தசாரதியின் குருதிப்புனல் 1975-ல் வந்து, 1977-ல் சாகித்ய அகாடமி பரிசு வாங்கியது. அதில் டெல்லியிலிருந்து கிராமத்துக்கு வருகிற படித்த மனிதன்தான் நம் கண். நிலக்காரனின் ஆண்மைக் குறையைக் கொடுமைக்குக் காரணமாக வைத்ததற்கு அப்போதே எதிர்ப்பு வந்தது. சாதியை மனநோயாக மாற்றினால் எரித்தவனுக்கு வைத்தியம் போதும், நியாயம் வேண்டாம் என்றாகிவிடும். 1999-ல் சோலை சுந்தரபெருமாள் செந்நெல் எழுதினார். அவர் இந்தத் திருவாரூர் மண்ணுக்காரர். வயல், களம், கூலி, பேச்சு எல்லாம் அதில் உள்ளிருந்து வருகிறது. ஆனால் எரிந்த தெருவிலிருந்தே ஒருவர் எழுதுகிற நாள் இன்னும் பாக்கி இருக்கிறது.

7

1971-ல் குடியிருப்பு மனைகளுக்கு உரிமை தருகிற சட்டம் வந்தது. மிராசுதார் மனையில் குடிசை போட்டிருந்தவருக்கு அந்த மனை சொந்தம் என்றது. என் கணக்கில் தஞ்சை தலித் வரலாற்றில் மிகப் பெரிய சட்டம் இதுதான். கூலி உயர்வு வரும், போகும். கூரையைப் பிரிக்க முடியாது என்ற நிலை வந்த பிறகுதான் நம் ஆள் ஆண்டை என்று கூப்பிடுவதை நிறுத்தினான். எனக்கு இடம் கொடுத்த பெரியவர் தைரியமாக ஒரு வெளியூர் வாத்தியாரைக் குடிவைக்க முடிந்ததும் அந்த மனை அவர் பேரில் இருந்ததால்தான். யாரைக் குடிவைப்பது என்பது மனைக்காரன் உரிமை. அந்த உரிமையை வாங்க ஆயிரம் வருஷம் ஆகியிருக்கிறது.

இப்போது வயலைப் பாருங்கள். அறுவடை இயந்திரம் வந்துவிட்டது. நம் பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். சில வருஷங்களாக நடவுக்கு மேற்கு வங்காளம் போன்ற வடமாநிலங்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசி, கூட்டமாக இறங்கி, சீக்கிரம் முடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போகிறார்கள். மோட்டார் கொட்டகையிலோ ஒதுக்குப்புறக் கொட்டாயிலோ தங்குகிறார்கள். நடவு நம் பெண்களின் வேலை. அந்த வருமானம் வீட்டில் அரிசியாகவும் பிள்ளைகளுக்கு நோட்டாகவும் இருந்தது. அது போகிறது. காலனியில் ஒரு அக்கா கேட்டார்: "இந்திக்காரன் வந்துட்டான், எங்க பொழப்பு போச்சு. நீங்க படிச்சவங்க, இதுக்கு என்ன சொல்றீங்க?"

படித்தவர்கள் பலர் இதற்கு வந்தேறி என்ற ஒரே சொல்லில் பதில் சொல்கிறார்கள். நான் அந்தச் சொல்லைத் தொடமாட்டேன். அக்காவின் கோபம் நியாயம், கூலி போன கோபம் அது. ஆனால் அந்தக் கோபத்தை எங்கே திருப்புவது என்பதில்தான் இந்த வரலாறு முழுவதும் இருக்கிறது. 1968-ல் வெளியூர் ஆளைக் கொண்டுவந்தவர்களின் கணக்கும், இன்றைக்கு ஆள் பற்றாக்குறை என்று சொல்லி மொத்தக் கூலிக்கு ஆள் இறக்குகிறவர்களின் கணக்கும் ஒன்றுதான்: குறைந்த கூலி, கேள்வி கேட்காத ஆள், அறுப்பு முடிந்ததும் போய்விடுகிற ஆள். பழைய பாஷையில் சொன்னால் புறக்குடி. அந்தக் கொட்டாயில் படுத்திருக்கிறவனின் சாதி என்ன என்று விசாரித்துப் பாருங்கள். அங்கே அவனும் ஊருக்கு வெளியே இருக்கிறவனாகத்தான் பெரும்பாலும் இருப்பான். மலாயாவில் நம் பாட்டனைப் பார்த்து அந்த ஊர்க்காரன் என்ன சொன்னானோ அதையே நாம் இவனைப் பார்த்துச் சொல்ல வேண்டுமா? திருப்பூரில் நம் பிள்ளைக்கு வீடு கொடுக்காதவனுக்கும் நமக்கும் அப்புறம் என்ன வித்தியாசம்?

செய்ய வேண்டியது என்று எனக்குத் தோன்றுவது இவை. ஒன்று, நடவுக்கு யார் இறங்கினாலும் ஒரே கூலி என்று சங்கங்கள் பேச வேண்டும். கூலி ஒன்றானால் வெளியூர் ஆளை இறக்குவதில் லாபம் இல்லை. இரண்டு, வருகிற ஆட்களைச் சங்கத்தில் சேர்க்க வேண்டும். கன்னடம் பேசிய ஒருவரைச் சேர்த்துக்கொண்ட தெருவுக்கு வங்காளம் பேசுகிறவனைச் சேர்ப்பது கஷ்டமா? மூன்று, உள்ளூர்ப் பெண்களுக்கு முதல் வேலை என்பதை உரிமையாகக் கேட்க வேண்டும், ஆனால் அதை வேலை கொடுக்கிறவரிடம் கேட்க வேண்டும், வேலைக்கு வந்தவனிடம் இல்லை. நான்கு, நிலம். குத்தகைக்காவது, கூட்டாகவாவது, நம் பெண்கள் கையில் சாகுபடி நிலம் வராத வரைக்கும் இந்தச் சண்டை வேறு வேறு ஆட்களோடு வந்துகொண்டே இருக்கும்.

நன்னிலத்தில் திருவிழா வரி இன்னும் நம் தெருவில் வாங்குவதில்லை. அதை வாங்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதில்லை என்பது என் எண்ணம். ஊர் என்ற சொல்லுக்குள் நம்மைச் சேர்த்துக்கொள் என்று கேட்டுக்கொண்டிருப்பதைவிட, மனையும் நிலமும் கூலியும் நம் கையில் இருக்கிற இடத்தை நாமே ஊர் என்று சொல்லலாம். அந்த ஊருக்கு வருகிறவனிடம் எந்தத் தெரு என்று கேட்க மாட்டோம். என்ன வேலை தெரியும், சாப்பிட்டாயா என்று கேட்போம். அதைக் கேட்கிற பழக்கம் நம் தெருவில் ஏற்கெனவே இருக்கிறது.